விளக்கெண்ணெய் வந்த வழி

நம்மவர் பேச்சில் விளக்கெண்ணெய்க்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றுக்கும் உதவாதவனை 'விளக்கெண்ணெய்' என்று வைவோம். ஒரு பொருளை உறங்காமல் காத்தவனோ, 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்' என்று பெருமை பேசுவான். இகழ்ச்சிக்கும் அதுவே, விழிப்புக்கும் அதுவே. இந்த முரண்பாட்டை நான் நெடுநாள் சிந்தித்ததில்லை. சரக்கு அலுவலகத்தில் மூட்டைக் கணக்கும் எடைக் கணக்கும் எழுதிக் காலங்கழிக்கும் எனக்கு, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு, சரித்திர ஆராய்ச்சி எங்கே கைவரப்போகிறது? ஆயினும் சென்ற குளிர்காலத்தில் என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது.

நாம் பிழைக்க வந்த இந்தக் குஜராத்து நாட்டில் ஆமணக்குக்கு 'எரண்டா' என்று பெயர். வடமொழியின் ஏரண்டமே அது. அதன் எண்ணெய்க்கு 'திவேல்' என்பார்கள். திவோ என்றால் விளக்கு. தேல் என்றால் எண்ணெய். ஆக, திவேல் என்பது எழுத்துக்கு எழுத்து நம் விளக்கெண்ணெய்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துத் 'திவேல் குடித்த முகம்' என்று இவர்கள் கேலி செய்வதுண்டு. ஆயிரம் மைல் இடைவெளியில் இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பொருளுக்கு ஒரே வகையில் பெயரிட்டு, ஒரே வகையில் அதைக் கேலியும் செய்திருக்கிறார்கள். சிறு வயதில் அந்தக் கரண்டிக்கு முன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இரண்டு ஊர்களிலும் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து என் தாயார் மார்கழி மாதத்தில் வந்திருந்தார். இவ்வூர்க் குளிர்காலத்தின் வறட்சி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. வந்த நான்காம் நாளே அவருடைய குதிகால் வெடித்துவிட்டது. துணிப்பையில் பத்திரமாகக் கட்டிக் கொண்டுவந்த விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்து, இரவில் காலில் தடவிக்கொண்டார். பிறகு வழக்கம்போல், கல்லூரியில் படிக்கும் என் மகளையும் அழைத்து, 'கையைக் காட்டு கண்ணு, உனக்கும் வெள்ளை வெள்ளையாக உரிகிறதே' என்றார். 'ஐயோ அப்பாயி, அந்த நாற்றம் எனக்கு ஆகாது. என்னிடம் கிரீம் இருக்கிறது' என்று அவள் நகர்ந்துவிட்டாள். அவள் துடுக்குக்காரியல்லள்; மனத்தில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவே. என் தாயார் ஒன்றும் பேசவில்லை. புட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். ஊருக்குத் திரும்பும்வரை அதை மறுபடி யார் முன்னிலையிலும் அவர் திறக்கவில்லை.

எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. மேசைமேல் கிடந்த மகளின் கிரீம் டப்பாவை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். வேகன் சீட்டுகளைப் படித்துப் பழகிய கண். ஒரு வரியையும் விடவில்லை. தண்ணீர், கிளிசரின் என்று வரிசையாக வந்த பெயர்களுக்கு நடுவே 'ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்' என்று ஒன்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததும் அதுவே, டப்பாவுக்குள் இருந்ததும் அதுவே! ஒன்று நாற்றம் என்று தள்ளப்பட்டது. மற்றது விலை கொடுத்து வாங்கப்பட்டது. இடையில் அந்த எண்ணெய் எந்த வழியாகப் போய் வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அப்போதுதான் பிறந்தது.

ஆமணக்கின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்பது தாவர நூலாரின் துணிபு. அதன் விதை உருவத்தில் மாட்டு உண்ணியைப் போலிருப்பதால், இலத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் 'ரிசினஸ்' என்னும் சொல்லையே அச்செடிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அந்த விதைக்குள்ளேயே 'ரிசின்' என்னும் கொடிய நஞ்சும் இருக்கிறது. நல்ல காலமாக அது எண்ணெயில் கரைவதில்லை. பிழிந்தபின் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் வெப்பமூட்டி நஞ்சை முறிக்காத பிண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதில்லை, வயலுக்கு உரமாக இடுவார்கள். நம் காலனியை ஒட்டித் தண்டவாள ஓரத்தில் யாரும் விதைக்காமலே ஆமணக்கு முளைத்து நிற்பதைக் காண்கிறோமல்லவா? அதன் பளபளப்பான கொட்டைமுத்துகளைக் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துவிடாமல் தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வது தகும்.

பழைய எகிப்தியர் கல்லறைகளில் ஆமணக்கு விதைகள் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய கி.மு. 1550ஐச் சேர்ந்த 'ஏபர்ஸ் பாப்பிரஸ்' என்னும் மருத்துவச் சுவடி இச்செடிக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. வயிற்றைக் கழுவவும், பெண்களின் கூந்தல் வளரவும் அதில் வழி சொல்லியிருக்கிறார்கள். விதையை அரைத்து எண்ணெயாக்கித் தலையில் தேய்க்க வேண்டுமாம். 3500 ஆண்டுகளுக்கு முன் நைல் நதிக்கரையில் ஒரு தாய் தன் மகளை உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த மகளும் மூக்கைச் சுளித்தாளோ என்னவோ!

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைச் சுற்றிப் பார்த்த கிரேக்க சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ், சதுப்பு நிலத்து மக்கள் இவ்வெண்ணெயைக் 'கிகி' என்று அழைப்பதாக எழுதியிருக்கிறார். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் செடியைப் பயிரிடுகிறார்கள். சிலர் விதையை நசுக்கிப் பிழிகிறார்கள். சிலர் வறுத்து, நீரில் கொதிக்க வைத்து எடுக்கிறார்கள். எண்ணெய் கெட்டியானது, விளக்குக்கு நல்லது, ஆனால் வாடை கடுமையானது என்பது அவர் தரும் செய்தி. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனெனில் என் அம்மாயி, அதாவது என் தாயைப் பெற்றவர், செய்தது இதுவே. கொட்டைமுத்தை மண்சட்டியில் வறுப்பார். உரலில் இட்டு இடிப்பார். பெரிய பானையில் நீரோடு கொதிக்க விடுவார். எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வழித்தெடுத்து, வேறொரு சட்டியில் மறுபடி காய்ச்சி நீரை வற்றச் செய்வார். புகையில் கண் சிவந்திருக்கும். கையில் எப்போதும் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து அவரிடந்தான் எண்ணெய்க்கு ஆள் வரும். ஹெரோடோட்டஸின் பெயரைக் கூடக் கேட்டறியாத அந்த அம்மாள், அவர் கண்ட கைவேலையை ஓர் எழுத்தும் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் ஏரண்டம் மிகப் பழையது. சுசுருத சங்கிதையில் அது மருந்தாக வருகிறது. ஆனால் மருந்தைவிட விளக்குக்கே அது மிகுதியாகச் செலவாயிற்று என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மெதுவாக எரியும், நெடுநேரம் நிற்கும். 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணி ரயில் ஓடிய பிறகு, நம் ரயில்வேக்களும் இவ்வெண்ணெயைக் கைக்கொண்டன. விளக்குகளில் ஏற்றவும், எந்திரங்களுக்கு மசகாக இடவும் விளக்கெண்ணெய் பயன்பட்டது. பின்னர் மண்ணெண்ணெயும் மின்சாரமும் கனிம எண்ணெயும் வந்து அதை வெளியேற்றின. என்னோடு வேலை செய்யும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால், நான் கதை கட்டுவதாக நினைக்கிறார்கள். நாம் உண்ணும் சோற்றை அளிக்கும் ரயில்வே ஒரு காலத்தில் விளக்கெண்ணெயால் வழுக்கிக்கொண்டு ஓடியது என்பதில் எனக்கொரு தனிப் பெருமை.

ஆகாயத்திலும் அது பறந்திருக்கிறது. முதல் உலகப் போரில் விமானங்களில் பூட்டிய சுழல் எந்திரங்களுக்கு விளக்கெண்ணெயே மசகு; பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பது காரணம். 1918இல் அமெரிக்கர்கள் தங்கள் மண்ணில் பயிரிடுவதற்காக இந்தியாவிலிருந்து விதையைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். 'காஸ்ட்ரால்' என்னும் மசகெண்ணெயின் பெயர் 'காஸ்டர்' என்பதிலிருந்து பிறந்தது, 1909இல். இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் எதிர்க்கட்சியாரைப் பிடித்து வாயில் இதை வலியப் புகட்டி அவமானம் செய்தார்கள். ஒரு பாவமும் அறியாத எண்ணெய்க்கு இப்படியும் ஓர் அவப்பெயர்!

விளக்கை இழந்த எண்ணெய் டப்பாவுக்குள் புகுந்தது எப்படி? வழி திறந்தது சாயப் பட்டறையில். துருக்கிச் சிவப்பு என்னும் உறுதியான சாயத்தைத் துணியில் ஏற்ற, பழங்காலத்தில் நூலை எண்ணெயும் சாம்பற்காரமும் கலந்த நீரில் பலமுறை ஊற வைத்து உலர்த்துவார்கள். நம் மதுரையில் சௌராஷ்டிரர் செய்த சிவப்புச் சாயத் தொழிலிலும் இம்முறை உண்டு. இந்தக் குஜராத்து மண்ணிலிருந்து தெற்கே போனவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள் என்பது, தெற்கிலிருந்து இங்கே வந்த நமக்குச் சுவையான செய்தி. 1870களில் ஐரோப்பியச் சாயக்காரர்கள் விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் புதிய பொருளொன்றை ஆக்கினார்கள். 'துருக்கிச் சிவப்பு எண்ணெய்' என்று அதற்குப் பெயராயிற்று. அதன் அதிசயம், தண்ணீரோடு கலந்தது! எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதைப் பழமொழிபோலச் சொல்லிவந்த உலகில், ஒட்டும்படி செய்துகாட்டிவிட்டார்கள். துணியை மென்மையாக்கிய அந்தப் பொருள் தோலைப் பதனிடும் தொழிலுக்கும், பின்னர் குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய்களுக்கும் பரவியது.

மற்ற எண்ணெய்களுக்கு இல்லாத எந்தக் குணம் இதற்கு உண்டு? ரசாயனம் படிக்காத எனக்கு ரயில் கணக்கில்தான் இது விளங்கிற்று. எண்ணெய்களின் உள்ளுறுப்பாகிய கொழுப்பமிலம் ஒரு சரக்கு ரயில் என்று கொள்க. விளக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, 'ரிசினோலியிக் அமிலம்' என்னும் ஒரே வகை ரயில். அதில் கார்பன் என்னும் வண்டிகள் 18. 9ஆம் வண்டிக்கும் 10ஆம் வண்டிக்கும் இடையே மட்டும் இரட்டை இணைப்பு. 12ஆம் வண்டியில் பக்கவாட்டில் ஒரு கொக்கி. தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இந்தக் கொக்கி இல்லை. ஒரு ரயிலின் கொக்கி பக்கத்து ரயிலைப் பற்றிக்கொள்வதால்தான் விளக்கெண்ணெய் அவ்வளவு கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கிறது; சாராயத்திலும் கரைகிறது. இரட்டை இணைப்பில் ஹைட்ரஜனைச் செலுத்தி ஒற்றையாக்கிவிட்டால் எண்ணெய் உறைந்து, ஏறத்தாழ 85 பாகை வெப்பத்தில்தான் உருகும் வெண்மெழுகாகிவிடும். வாடையும் அடங்கிவிடும். டப்பாவில் நான் படித்த பெயர் அந்த மெழுகினுடையதே.

அதோடு நிற்கவில்லை. எரிசோடாவோடு சேர்த்துக் கடும் வெப்பத்தில் வைத்தால் ரயில் 10ஆகவும் 8ஆகவும் பிரிகிறது. அந்தப் பத்து வண்டித் துண்டாகிய செபாசிக் அமிலத்திலிருந்து தோலில் ஒட்டாமல் வழுக்கும் இலேசான பூச்சுப் பொருள்களைச் செய்கிறார்கள். சோடாவின்றி அதைவிடக் கடும் வெப்பத்தில் உடைத்தால் 11ஆகவும் 7ஆகவும் பிரிகிறது. பதினொன்று, படை சொறிக்கு மருந்தாகும் அமிலம். மீதி ஏழு வண்டித் துண்டிலிருந்து என்ன செய்கிறார்கள் தெரியுமா? மல்லிகை மணம்! சோப்புகளிலும் கிரீம்களிலும் சேர்க்கும் செயற்கை மல்லிகை மணங்களுள் ஒன்று அதிலிருந்து பிறப்பது. இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்த்தேன், இரண்டும் 18. என் உத்தியோகத்தில் கணக்கு நேரானால் வரும் மகிழ்ச்சியே அப்போது வந்தது. நாற்றம் என்று ஒதுக்கிய எண்ணெய்க்குள் மல்லிகை ஒளிந்திருந்ததை நினைத்து, அந்த நேரத்தில் எழுப்பிச் சொல்ல ஆள் இல்லாமல் தனியே சிரித்துக்கொண்டேன்.

தோலின்மீது இவையெல்லாம் செய்யும் வேலை பெரிய மந்திரமன்று. நம் தோலின் மேலடுக்கு, ஓடு வேய்ந்த கூரை போன்றது. வறண்ட காற்றில் ஓடுகளின் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதைத்தான் வெள்ளை உரிவதாகக் காண்கிறோம். எண்ணெய்ப்பசை அந்த இடைவெளிகளை நிரப்பி, தூக்கிய ஓரத்தைப் படிய வைத்து, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடுகிறது. மேனாட்டு முகப்பூச்சுகளில் ஒரு காலத்தில் இவ்வேலைக்குத் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகைச் சேர்த்தார்கள். பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரல், 1823இல் வெளியிட்ட கொழுப்புப் பொருள்கள் பற்றிய தம் பெரு நூலில், அம்மெழுகிலிருந்து தாம் பிரித்தெடுத்த ஒரு பொருளை விவரித்திருக்கிறார். இன்று 'சீட்டைல் ஆல்கஹால்' என்று டப்பாக்களில் காண்பது அதுவே. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்துவதென்று 1982இல் சர்வதேச ஆணையம் தீர்மானித்து, 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது அதே பொருளைப் பெரும்பாலும் பனையெண்ணெய், தேங்காயெண்ணெய் வகைகளிலிருந்து எடுக்கிறார்கள். கடலில் ஓர் உயிரைக் கொன்று பெற்றதைத் தோப்பிலிருந்து பெற முடியும் என்று தெரிந்துகொள்ள உலகத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. இந்தியாவின் விளைச்சலில் மிகப் பெரும் பங்கு நாம் வாழும் குஜராத்துக்கு. பனாஸ்காண்டா, பாட்டண், மெஹ்சாணா மாவட்டங்களின் மணற்பாங்கான வயல்களே இதன் களம். இது தானாக வந்த பெருமையன்று. ஆமணக்கின் பூங்கொத்தில் கீழே ஆண் பூவும் மேலே பெண் பூவும் இருக்கும். எல்லாம் பெண் பூவாகவே பூக்கும் ஓர் இனத்தை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, நாட்டினத்தோடு சேர்த்து, 1968இல் குஜராத்து ஆராய்ச்சியாளர்கள் 'ஜி.சி.எச்.-3' என்னும் கலப்பின ஆமணக்கை வெளியிட்டார்கள். வணிகப் பயிராக வந்த முதற் கலப்பின ஆமணக்கு இதுவென்று கூறுவர். பின்னர் 1986இல் 'ஜி.சி.எச்.-4' வந்தது. எங்கள் ஆத்தூருக்கு அருகில் உள்ள ஏத்தாப்பூரிலும் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2009இல் அங்கிருந்தும் ஒரு கலப்பினம் வெளிவந்தது. அம்மாயி காலத்தில் வேலியோரத்து நாட்டாமணக்குதான். அதன் முத்துச் சிறியது, எண்ணெய் நல்லது என்று என் தாயார் இன்றும் வாதாடுவார்.

விளைந்ததில் பெரும்பகுதி எண்ணெயாகிக் காண்ட்லா முதலிய துறைமுகங்களின் வழியே சீனத்துக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. அதை மெழுகாகவும் அமிலமாகவும் மாற்றும் ஆலைகள் இந்த மாநிலத்திலேயே இருக்கின்றன. எனினும் எண்ணெயாகவே அனுப்புவதுதான் மிகுதி. வெளியே போய்ப் பெயர் மாறி, மணம் மாறி, சிறு டப்பாவில் அடைபட்டு, பல மடங்கு விலையோடு நம் பிள்ளைகளின் மேசைக்குத் திரும்பி வருவதும் அதில் உண்டு. விதைத்தவனுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்று கணக்கெழுதும் புத்தி கேட்கிறது. அந்தப் பேரேடு என் பார்வைக்கு வருவதில்லை.

இவ்வளவு சொன்னதால், விளக்கெண்ணெய் சர்வரோக நிவாரணி என்று நான் பறையறைவதாக யாரும் எண்ண வேண்டாம். அதைத் தேய்த்தால் வழுக்கையில் முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிறந்த குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் நம் பழைய வழக்கம் ஆபத்தானது. நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியாவில் முடியக்கூடும். மாதமொரு முறை பேதிக்குக் கொடுப்பதையும் இப்போது டாக்டர்கள் ஒப்புவதில்லை. இவ்விஷயங்களில் அம்மாயியின் பக்கம் நான் பேசமாட்டேன். குதிகாலுக்கும் முழங்கைக்கும் என்றால் பேசுவேன்.

டப்பாவில் படித்ததை மறுநாளே மகளிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. என் தாயார் ஊருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே தொலைபேசியில் கூப்பிட்டு, 'அப்பாயி, அந்த எண்ணெயை எப்படிக் காய்ச்சுவீர்கள்?' என்று கேட்டாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு தொடங்கியவர், முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. மகள் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள். முத்தை எவ்வளவு வறுப்பது, கருகினால் எண்ணெய் எப்படி நிறம் மாறும், எத்தனை படி முத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று எல்லாம் வந்தது. கடைசியில், நீர் முழுதும் வற்றியதை எப்படி அறிவது என்று கேட்டாள்.

'சட்டிக்குக் காதைக் கொடுத்துக் கேளு கண்ணு. தண்ணி இருக்கிற வரைக்கும் சடசடன்னு பேசிக்கிட்டே இருக்கும். பேச்சு நின்னதும் இறக்கிடு' என்றார் என் தாயார்.